உதட்டுநூல் என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் சுகம். இந்த ஒரு வரியை எழுத இன்றுதான் முடிந்தது. பத்து நாளாகப் பேனாவை எடுப்பேன், ‘சுகம்’ என்று எழுதப் போவேன், மனசாட்சி வந்து கையைப் பிடித்துக்கொள்ளும், மூடி வைத்துவிடுவேன். இன்று காலை பல்கூட விளக்காமல் உட்கார்ந்து எழுதிவிட்டேன். அங்கு நீங்களும் அக்காவும் நலமாகவும், உங்கள் இரத்த அழுத்தம் அளவோடும் இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கார்டு வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வாரப் பத்திரிகையில் நீங்கள் நடத்தும் சொல் பக்கத்துக்காகக் கேட்டிருந்தீர்கள். “போன தடவை வந்திருந்தபோது தங்கை வாயிலிருந்து ‘உதட்டுநூல்’ என்று ஒரு சொல் விழுந்தது. எந்த அகராதியிலும் இல்லை. பொருளும் பிறப்பும் இரண்டு வரியில் எழுதி அனுப்பவும். உதட்டோரத்தில் நூலிழைபோல் ஓடி மறையும் புன்னகை என்பது என் ஊகம்.” மச்சான், ஊகம் மிக அழகாக இருக்கிறது. படித்துக் காட்டியதும் உங்கள் தங்கையே “எங்கண்ணனுக்கு எப்படித்தான் தோணுதோ” என்று பூரித்துப்போனாள். ஆனால் முழுத் தப்பு. இரண்டு வரியில் முடிகிற சமாசாரமாக இருந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன். அந்தச் சொல்லால் உங்கள் மருமகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியாக வேண்டும்.

முதலில் பொருள். சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவதும், எதிரே இருப்பவர் அதைக் கண்ணால் படித்துக்கொள்வதும்தான் உதட்டுநூல். நாங்கள் வேலை பார்த்த நெசவு மில்லில் ஒரே கூரைக்குக் கீழே முந்நூறு தறி ஓடும். காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில்தான் தெறிக்குமே தவிர ஒரு வார்த்தை போய்ச் சேராது. அதனால் அங்கே யாரும் தொண்டையை வீணாக்குவதில்லை. நான்கு தறி தள்ளி நின்றுகொண்டு, வாயை நன்றாகத் திறந்து, புருவத்தையும் கூடச் சேர்த்துக்கொண்டு, குடும்பக் கதை முழுக்கப் பேசி முடிப்பார்கள். நான் தறி பழுதுபார்ப்பவன், உங்கள் தங்கை தறி ஓட்டுபவள். நாங்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதே பழகி ஆறு மாதம் கழித்துத்தான். கேட்டபோது இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

இனிப் பிறப்பு. தறியில் இடமும் வலமுமாக ஓடுகிற நாடா என்ற படகு வடிவ மரக் கட்டையில் நூல் தீர்ந்துபோனால், நூல் சுற்றிய புதுக் குச்சியை உள்ளே போட்டு, நாடாவின் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளையில் உதட்டை வைத்து உறிஞ்சி, நூல் முனையை வெளியே இழுக்க வேண்டும். இது ஒரு நாளில் நூறு தடவை நடக்கும். வேலை நேரத்தில் பேசினால் சூப்பர்வைசர் பெயரை எழுதிக்கொள்வார். அதனால் அவர் தலை இந்தப் பக்கம் திரும்பியதும், வாயாடிக்கொண்டிருந்த ஆள் நாடாவைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்வார். என்ன செய்கிறாய் என்று அவர் கையை ஆட்டிக் கேட்டால், நூல் இழுக்கிறேன் என்று இவரும் கையாலேயே பதில் சொல்வார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் இது. யார் முதலில் வைத்தது என்று கேட்காதீர்கள், நான்தான் என்று நாற்பது பேர் கிளம்புவார்கள், அதில் நானும் ஒருவன். மில்லில் வேலை பார்த்தவர்களைத் தவிர வேறு ஒருவருக்கும் இது பிடிபடாது என்பதை மட்டும் உங்கள் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடலாம்.

மில்லை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. தறிகளை ஏலத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள், ஆனால் உதட்டுநூல் அதற்கு வெகு முன்பே எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் பேச்சு கிடையாது. கரண்ட் போனால் சண்டை பாதியில் நிற்கும், வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். தோற்கிற நிலைமை வந்தால் உங்கள் தங்கை கண்ணை மூடிக்கொள்வாள், அத்தோடு வழக்கு தள்ளுபடி. எதிர்வீட்டுத் தையல்காரர் எனக்குத் தாடையில் ஏதோ கோளாறு என்று இரண்டு தடவை டாக்டர் விலாசம் கொடுத்தார். இருந்தாலும் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லி மாளாது மச்சான். வந்திருப்பவர் முகத்துக்கு எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசலாம். பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே அவளுக்குத் தெரியக் கூடாததையெல்லாம் பேசலாம். உங்கள் மருமகள் பிறந்த நாள் முதல் அவள் தலைக்கு மேலேயே இந்த வீட்டின் அத்தனை இரகசியமும் போய்வந்திருக்கிறது, பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அவளுக்கு ஒரு வரன் அமைந்ததை அக்கா உங்களிடம் சொல்லியிருப்பார். அமைந்தது என்பதைவிட மாட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் ஒரு நாள் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவள் ஒருத்திதான். வந்த லிஃப்ட் மெக்கானிக், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பயப்படாமல் இருக்கட்டும் என்று நாற்பது நிமிஷம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். கதவு திறந்ததும் ஆளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி பழுதாக ஆரம்பித்தது. எட்டு மாதம் கழித்து எங்களிடம் வந்து, “அப்பா, எனக்கு அவரத்தான் பிடிச்சிருக்கு. இது நடக்கலன்னா வேற யாரையும் பாக்காதீங்க” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். உங்கள் தங்கையைப்போலவே கறாரான பெண். சரி, வரச் சொல் என்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், பையனின் அப்பா, தாயில்லாப் பிள்ளையான அவனை வளர்த்த பெரியம்மா என மூன்று பேர். பெரியம்மாவின் சொல்தான் அந்த வீட்டில் தீர்ப்பு என்று மகள் முன்னாலேயே சொல்லியிருந்தாள். பெரிய உடம்பு. எங்கள் சோபாவில் உட்கார்ந்ததும் சோபா ஒரு தடவை பெருமூச்சு விட்டது. காது சுத்தமாகக் கேட்காது என்று பையனின் அப்பா சொல்லிவிட்டு, அவர் காதில் “நல்ல வீடு” என்று கத்திக் காட்டினார், தெருவில் போன நாய் நின்று பார்த்தது. பிறகு அந்த மனிதர் தன் முட்டி அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கத்தில், உங்கள் தங்கை சமையலறை வாசலில், நடுவில் அவர்கள், பக்கத்தில் டீத் தட்டோடு உங்கள் மருமகள். முப்பது வருஷப் பழக்கம், நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கக்கூட இல்லை.

“இந்த முட்டியக் கழட்டிக் கையில குடுத்துட்டா நமக்கு நிம்மதி” என்றாள் உங்கள் தங்கை, உதட்டால்தான். “பொறு, இன்னும் தையல் பிரிக்கல” என்றேன் நான். “பையனுக்குக் காது கொஞ்சம் பெருசு.” “லிஃப்ட் எங்க கிர்ருங்குதுன்னு கேக்க உதவும்.” “அந்தம்மா ஆறாவது பிஸ்கட் எடுக்குது, தட்டு காலி ஆகப்போகுது.” “தட்டு கிடக்கட்டும், சோபா தாங்குமான்னு பாரு.” இப்படி முக்கால் மணி நேரம் போனது மச்சான். எங்கள் முகத்தில் மட்டும் ஒரு மரியாதைச் சிரிப்பை ஒட்டி வைத்திருந்தோம். எனக்கு நடுவில் ஒரு தடவை சிரிப்பு பீறிட்டு வந்து, டீ மூக்கில் ஏறி, பையனின் அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர். பெரியம்மா மட்டும் ஒன்றும் பேசாமல், இடமும் வலமுமாக எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் பொழுதுபோக வேறு என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்ட பெரியம்மா, வழியனுப்ப நின்ற உங்கள் தங்கைக்கு நேர் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, புருவத்தையும் சேர்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சொன்னார். “ஆறு இல்ல. ஏழு.” என்னைப் பார்த்துத் திரும்பி, “சோபா தாங்குச்சு” என்றார். பிறகு மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் கதவைச் சாத்தவில்லை, உட்காரவில்லை, விளக்குப் போடவில்லை. உங்கள் தங்கை அன்று முதன்முறையாகக் குரல் கொடுத்து என்னிடம் பேசினாள். “என்னங்க, அந்தம்மா எந்த மில்லுங்க?” அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி இல்லை. உலகத்தில் தறி ஓடியது எங்கள் ஒரு மில்லில்தான் என்பதுபோல முப்பது வருஷம் இருந்துவிட்டோம்.

அன்றிலிருந்து அவர்கள் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். போன் அடித்தால் இரண்டு பேரும் ஓடுவோம், கேஸ் கம்பெனி. உங்கள் தங்கை பிஸ்கட் டப்பாவைப் பார்க்கவே கூசிப்போய் அலமாரியின் மேல்தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். உங்கள் மருமகளோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல் சாப்பிட்டாள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். அதுதான் எங்களுக்கு நெஞ்சை அறுத்தது. “வெளிய காட்டிக்காம உள்ளுக்குள்ளயே வச்சுக்கிறா பாருங்க. நம்ம வாய்க்கொழுப்பு அவ வாழ்க்கையில மண்ணப் போட்டுடுச்சு” என்று உங்கள் தங்கை அழுதாள். இதை அவள் குரலால் சொன்னாளா உதட்டால் சொன்னாளா என்று எனக்கு நினைவில்லை. எனக்கும் அழுகை வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன் என்பதால் உதட்டால்தான் இருக்க வேண்டும்.

பத்தாவது நாள், அதாவது நேற்று, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து நானே போனேன். போகிற வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்தேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் சிக்கல் உறைத்தது. பெரியம்மாவுக்குக் காது கேட்காது. வாய்விட்டு மன்னிப்புக் கேட்பதானால் கத்தித்தான் கேட்க வேண்டும். கத்தினால் பையனின் அப்பாவுக்கும் கேட்கும். தன் முட்டியை நாங்கள் கழற்றிய விஷயம் அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. கதவைத் திறந்தவரும் அவர்தான். “வாங்க வாங்க, இந்த இன்னொரு முட்டியும் இப்ப தகராறு பண்ணுது” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

பெரியம்மா கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு நாற்காலி தயாராகப் போட்டிருந்தது. டீகூட ஆறாமல் இருந்தது. நான் வருவேன் என்று தெரிந்தவர்போல, “பத்தாவது நாள்தான் வழி தெரிஞ்சுதா” என்று உதட்டால் கேட்டார். பக்கத்தில் பையனின் அப்பா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி விளக்க ஆரம்பித்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையை ஆட்டுவேன், இந்தப் பக்கம் திரும்பி உதட்டால் மன்னிப்புக் கேட்பேன், மறுபடியும் எக்ஸ்ரே. “தப்புதாங்க. வாய்க்கொழுப்பு. அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. எங்க மேல இருக்கிற கோபத்த அவ மேல காட்டிடாதீங்க.” “எலும்பு தேஞ்சிருக்கு பாத்தீங்களா?” “ஆமாங்க, ரொம்ப.” “என் சம்சாரம் பத்து நாளா சரியாச் சாப்பிடல.” “இங்க பாருங்க, இந்த இடத்துல.” “ஐயோ பாவம்.” எந்த ‘ஐயோ பாவம்’ யாருக்குப் போனது என்று எனக்கே குழம்பிவிட்டது.

பெரியம்மா பட்டாணியைக் கீழே வைத்தார். வேறொரு மில்லில் இருபத்திரண்டு வருஷம் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாராம். அங்கேதான் காதும் போனது. “இந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா எங்கிட்டப் பேசணும்னா கத்துவாங்க. கத்தும்போது யாருக்கும் கோபம்தான் முகத்துல வருது. சாப்பிட வான்னு சொன்னாக்கூடத் திட்டற மாதிரிதான் இருக்கும். மில்ல விட்டப்புறம் என் முன்னாடி நிதானமா ரெண்டு பேர் பேசி நான் பாக்கவே இல்ல. அன்னைக்கு உங்க வீட்டுல நீயும் அவளும் பேச ஆரம்பிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அழுதா மரியாதையா இருக்காதேன்னுதான் பிஸ்கட்டா எடுத்து வாயில போட்டேன்” என்றார். எனக்கு அதற்கு மேல் எக்ஸ்ரே கண்ணில் தெரியவில்லை. “கல்யாணத்த வச்சுக்கலாம். ஆனா வாரத்துல ஒரு நாள் உன் பொண்டாட்டிய இங்க அனுப்பணும். அவ நல்லாப் பேசறா. உனக்கு உச்சரிப்பு சுமார்தான்” என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். முட்டிக்காகத்தான் கும்பிடுகிறேன் என்று பையனின் அப்பாவும் நெகிழ்ந்துபோய் என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தெருமுனையிலிருந்தே உதட்டால் செய்தி சொன்னேன், மாடி ஜன்னலில் நின்ற உங்கள் தங்கை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நேற்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

இவ்வளவுதான் மச்சான். எங்கள் மானத்தை ஒதுக்கிவிட்டு, சொல்லுக்குரிய பொருளையும் பிறப்பையும் மட்டும் இதிலிருந்து உருவிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நிச்சயத்துக்கு நாள் பார்த்ததும் எழுதுகிறேன், தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் எந்தக் காரணத்தைக் கொண்டும் உங்கள் மருமகள் கண்ணில் படக் கூடாது. நாங்கள் செய்த கூத்தும், அதை நான் ஒற்றை ஆளாகப் போய்ச் சரிசெய்ததும் அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கமும், பேரப் பிள்ளைகளின் இரண்டு கன்னத்துக்கும் தாத்தாவின் முத்தமும், தங்களுக்கு என்றும் குறையாத மரியாதையும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
முன்னாள் தறி மெக்கானிக்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போய்த் திரும்பியபோது, உங்கள் மருமகள் தலை வாரிக்கொண்டே மேஜை அருகில் நின்றிருந்தாள். சமையலறை வாசலிலிருந்து உங்கள் தங்கை பதறிப்போய், “லெட்டர மறைங்க, அவ பாத்துடப் போறா” என்று உதட்டால் சொன்னாள். நான் கையை நீட்டுவதற்குள் உங்கள் மருமகள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். “மறைக்க வேண்டாம். படிச்சிட்டேன்.” சத்தம் வரவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. உச்சரிப்பு அசல் மில். உங்கள் தங்கை கையிலிருந்த கரண்டி விழுந்த சத்தம்தான் அறையில் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசிய அத்தனையையும் அவள் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறாள். பெரியம்மாவும் படிக்கிறார் என்பதை அவர் கண் போகும் போக்கைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக்குப் போய் எங்களுக்காக மன்னிப்புக் கேட்டு, இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உதட்டுநூல் இழுத்து, கல்யாணப் பேச்சை அன்றைக்கே முடித்துவிட்டார்கள். “அப்புறம் ஏன்டி பத்து நாள்?” என்று உங்கள் தங்கை கேட்டாள். “நான்தான் சொன்னேன். பத்து நாள் தகவல் சொல்லாதீங்க பெரியம்மா, அப்பவாவது புத்தி வரட்டும்னு” என்றாள். ஆக, நேற்று நான் வாங்கி வந்த மன்னிப்பு ஒன்பது நாள் பழையது. மேலே நான் எழுதியிருக்கும் வீரதீரத்தை அடித்துவிடுங்கள்.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். “கத்துக்கலப்பா. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். ஸ்கூலுக்குப் போனதும்தான் மத்தவங்க சத்தம் போட்டுப் பேசறதையே பாத்தேன்” என்றாள். அப்படியானால் இத்தனை வருஷமும் நாங்கள் பேசியதில் எதையெல்லாம் பார்த்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளாகவே ஒன்று சொன்னாள். “எனக்கு எட்டு வயசிருக்கும். ஒரு நாள் நீங்க அம்மாகிட்ட பயமா இருக்குன்னு சொன்னீங்க.” சொன்னேன் மச்சான். மில் கதவில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அதைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் சத்தமில்லாமல். அப்போது இவள் நடுவில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் உட்காரும் வயதைத் தாண்டியிருந்த பெண். குளிர்கிறதுபோலிருக்கிறது என்று நினைத்து, போர்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.